முகமும் மேகமும்: கேமராவின் தானியங்கிக் கணக்கு தவறும் இடங்கள்

மொரீஷியஸில் தைப்பூசம் அரசு விடுமுறை நாள். அன்று கத்ர் போர்ன் ஊரில், கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்குக் காவடிகள் படியேறிப் போவதை ஏதாவது ஒரு கேமராவில் பதிவு செய்யாத தமிழ்க் குடும்பத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. எடுத்ததை வீட்டில் பெரிய திரையில் போட்டுப் பார்க்கும்போதுதான் குறைகள் தெரிய வருகின்றன. காவடியும் வானமும் துலக்கமாக இருக்க, காவடியைச் சுமந்தவரின் முகம் இருண்டு கிடக்கிறது. முகம் தெரியும்படி வந்த இடத்திலோ வானமும் வெள்ளை வேட்டியும் வெளுத்து, மடிப்பு, நூல் எதுவும் இல்லாத வெறும் வெண்மையாகிவிடுகின்றன. அதே மலையின் மேல் மேகம் கடந்துபோவதை டைம்லாப்ஸாக, அதாவது சில நொடிக்கு ஒரு படம் எடுத்து வேகமாக ஓட்டிக் காட்டும் முறையில், எடுத்தவர்கள் வேறொரு குறையைச் சொல்கிறார்கள்: படம் சீராக ஓடாமல், நொடிக்கு நொடி மங்கியும் பளிச்சிட்டும் துடிக்கிறது. இவை வெவ்வேறு குறைகளாகத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான். எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது, எதை வெள்ளை என்று கொள்வது, எந்த இடத்தைத் தெளிவாகக் காட்டுவது என்பவற்றை நாம் தீர்மானிக்காமல் கேமராவிடம் விட்டுவிடுகிறோம். கேமராவோ தன் முன்னால் நடப்பது என்னவென்று அறியாமலே தீர்மானிக்கிறது.

கேமராவின் ஒளிமானி ஒரு சராசரியை மட்டுமே அறியும். சட்டகத்துக்குள் விழும் ஒளி முழுவதையும் எடைபோட்டு, அதன் சராசரி ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாக, அதாவது தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பாக, இருக்க வேண்டும் என்ற அனுமானத்தில் அது வேலை செய்கிறது. சட்டகத்தில் பாதி வானம் என்றால், அந்த வானத்தைச் சாம்பலாக்க முயன்று முகத்தை இருட்டாக்கிவிடும். சட்டகத்தில் பாதி கருங்கல் சுவர் என்றால், சுவரைச் சாம்பலாக்க முயன்று வேட்டியை வெளுக்கச் செய்துவிடும். புதிய கேமராக்கள் முகத்தைத் தேடிக் கண்டு அதற்கேற்ப ஒளியை மாற்றும் என்பது உண்மைதான். ஆனால் விபூதி பூசி, வாயில் அலகு தரித்து, காவடியின் நிழலுக்குள் அசைந்துகொண்டே வரும் ஒரு முகத்தை அவை ஒரு நொடி கண்டுபிடித்து மறுநொடி தவறவிடுகின்றன. அப்போது படத்தின் வெளிச்சம் ஏறி இறங்குவது கண்ணை உறுத்தும்.

இந்தத் தீவின் தைப்பூசத்துக்கென்றே ஒரு தனிச் சிக்கலும் உண்டு. நாம் இருப்பது தெற்கு அட்சரேகை 20 பாகையை ஒட்டி. ஜனவரி 21 வாக்கில் நண்பகல் சூரியன் சரியாக நம் தலைக்கு மேலே நிற்கிறது. தைப்பூசம் 2024இல் ஜனவரி 25 அன்றும், 2025இல் பிப்ரவரி 11 அன்றும் வந்தது. எந்த ஆண்டு எடுத்தாலும் அது உச்சிவெயில் ஏறத்தாழச் செங்குத்தாக விழும் காலத்திலேயே வருகிறது. செங்குத்தான வெயிலில் புருவத்தின் நிழல் கண்குழிக்குள் விழும், மூக்கின் நிழல் உதட்டின்மேல் விழும், காவடியின் வளைவு முழு முகத்தையும் மறைக்கும். வெயில் படும் வெள்ளைத் துணிக்கும் அந்த நிழலுக்குள் இருக்கும் கருவிழிக்கும் இடையிலான வித்தியாசத்தை நம் கண் இடத்துக்கு இடம் தன்னை மாற்றிக்கொண்டு சமாளித்துவிடுகிறது. கேமரா அதை ஒரே பார்வையில், ஒரே அளவில் பிடித்தாக வேண்டும். காலை ஒன்பது மணிக்குள் எடுக்க முடிந்தால் எந்த அமைப்பையும் தொடாமலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் காவடி நமக்காகக் காத்திருப்பதில்லை.

ஒளியின் அளவைப் படப்பிடிப்புக்காரர்கள் ஸ்டாப் கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இருமடங்கு, குறைந்தால் பாதி. வீடியோ கேமராக்களில் ஒளியை மின்முறையில் பெருக்கும் அளவை டெசிபெல்லில் காட்டுவதும் உண்டு. அங்கே 6 டெசிபெல் ஒரு ஸ்டாப்புக்குச் சமம். ஒரு கேமராவின் உணரி, அதாவது லென்ஸுக்குப் பின்னால் ஒளியை வாங்கும் சில்லு, ஒரே நேரத்தில் எத்தனை ஸ்டாப் அகலத்தைப் பிடிக்க முடியும் என்பதும், அதில் எவ்வளவு கோப்பில் பதிவாகிறது என்பதும் ஒன்றல்ல. உணரி பிடித்ததை ஒரு வளைகோட்டின்படி சுருக்கித்தான் கேமரா பதிவு செய்கிறது. தொலைக்காட்சிக்காக வகுக்கப்பட்ட வழக்கமான வளைகோடு உணரியின் அகலத்தை முழுமையாக வாங்கிக்கொள்ளாது. இரு முனைகளிலும் வெட்டிவிடும்.

கான்ட்ராஸ்ட் என்ற சொல்லைப் பலர் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். படம் மங்கலாக இருக்கிறது என்று மெனுவில் கான்ட்ராஸ்டை இரண்டு படி ஏற்றினால், கேமராவின் சிறு திரையில் பார்ப்பதற்கு உடனே அழகாக இருக்கும். அங்கே உண்மையில் நடப்பது, நடுப்பகுதியை விரிப்பதற்காக நிழலின் அடிப்பகுதியையும் வெளிச்சத்தின் மேற்பகுதியையும் தள்ளிவிடுவது. தள்ளியது கோப்பில் இல்லை. பிறகு எந்த மென்பொருளாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் வெயில் கடுமையான இடத்தில் கேமராவுக்குள் கான்ட்ராஸ்டைக் குறைத்து எடுத்துவிட்டு, வீட்டில் தொகுக்கும்போது தேவையான அளவு ஏற்றுவதே சரி என்று நான் நினைக்கிறேன். கூர்மையூட்டும் அமைப்பையும் அதே காரணத்துக்காகக் குறைக்கலாம்; அது விளிம்புகளில் ஒரு வெள்ளைக் கோட்டைப் போட்டுவிடுகிறது, அந்தக் கோட்டைப் பிறகு அழிக்க வழியில்லை.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 8 பிட் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 10 பிட் கோப்பில் 1,024. லாக் என்று சொல்லப்படும் மிகத் தட்டையான பதிவுமுறை, அகலமான ஒளியை அந்தப் படிகளுக்குள் நெருக்கி அடைக்கிறது. 8 பிட்டில் லாக் எடுத்துவிட்டுப் பிறகு கான்ட்ராஸ்டை இழுத்தால், நீல வானம் வழுவழுப்பாக மாறாமல் வரி வரியாகப் பிரிந்து நிற்கும். கேமரா 10 பிட்டில் பதிவு செய்யுமானால் லாக் எடுக்கலாம். இல்லையென்றால் வழக்கமான தோற்றத்திலேயே கான்ட்ராஸ்டை மட்டும் சற்றுக் குறைத்து எடுப்பது பாதுகாப்பானது. இணையத்தில் லாக் எடுக்காதவர் படப்பிடிப்பாளரே இல்லை என்பதுபோல் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை நம்பி எடுத்து, வரி விழுந்த வானத்தோடு வந்து வருந்தியவர்களை நான் அறிவேன்.

இனி ஒளி அளவை எதை வைத்து நிர்ணயிப்பது என்ற கேள்வி. வெளுத்த இடத்தை மீட்க முடியாது, இருண்ட இடத்தை ஓரளவு தூக்கலாம்; ஆகவே வெளிச்சத்தைக் காப்பாற்று என்பது பொதுவான பாடம். நிலக்காட்சிக்கு அது பொருந்தும். காவடிக்கு அதை அப்படியே பின்பற்ற நான் உடன்படவில்லை. என் தம்பி மகன் முதன்முறையாகக் காவடி எடுத்த நாளில் அந்தப் பாடத்தைப் பின்பற்றி எடுத்தேன். வானத்தில் ஒவ்வொரு மேகமும் தெளிவாக இருந்தது, அவன் முகத்தைத் தூக்கிப் பார்த்தபோது தோலெல்லாம் புள்ளி புள்ளியாக இரைச்சல். பத்து நாள் விரதம் இருந்து நடந்துவந்த பிள்ளையின் முகம் அது. வானம் சிறிது வெளுத்தாலும் போகட்டும், முகம் நன்றாக வர வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். இன்றுவரை அதை மாற்றிக்கொள்ளவில்லை.

முகத்தை அளக்க ஜீப்ரா உதவும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒளி வந்த இடத்தில் திரையில் சாய்கோடுகள் ஓடுவதுதான் ஜீப்ரா. முழு வெண்மை 100 என்றால், முகத்துக்கு 70 சதவீதத்தில் வைக்க வேண்டும் என்று பழைய கையேடுகள் சொல்கின்றன. அந்த 70, வெள்ளைத் தோலை மனதில் வைத்துச் சொல்லப்பட்ட எண். படச்சுருள் காலத்தில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடக் நிறுவனம் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பிய ஷெர்லி அட்டையிலும் நெடுங்காலம் வெள்ளைப் பெண்ணின் படமே இருந்தது. நம் முகத்தை 70க்கு ஏற்றினால் அது நம் முகமாக இருக்காது. நெற்றியும் கன்னமேடும் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கி, தோலின் செம்மை மறைந்துவிடும். மாநிறத்துக்கு 50 முதல் 60 வரையிலும், கருநிறத்துக்கு 40 முதல் 50 வரையிலும் முகத்தின் வெளிச்சப் பக்கம் இருந்தால் போதும் என்பது நான் கைக்கொள்ளும் அளவு. இரண்டு ஜீப்ரா வைக்க இடம் தரும் கேமராவில் ஒன்றை அந்த அளவிலும் மற்றொன்றை 100லும் வைத்துக்கொண்டால், முகமும் வேட்டியும் ஒரே பார்வையில் அகப்படும்.

நிறத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் காவடி பக்தர்கள் பலர் அடர்ந்த இளஞ்சிவப்பு உடுத்துகிறார்கள். அந்தத் துணி வெயிலில் எரிவதுபோல் இருக்கும். அதைப் படமெடுத்தால் துணியின் மடிப்புகள் காணாமல் போய், ஒட்டவைத்த காகிதம்போல் ஒரே தட்டையான நிறமாகிவிடுகிறது. படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் எதுவும் வெளுத்ததாகக் காட்டாது. காரணம் இதுதான்: வெள்ளை-கறுப்பு ஹிஸ்டோகிராம் மூன்று நிறங்களையும் சமமாகக் கூட்டுவதில்லை. ரெக். 709 என்ற தொலைக்காட்சித் தரத்தின்படி பிரகாசத்தில் பச்சையின் பங்கு 71.5 சதவீதம், சிவப்பின் பங்கு 21.3, நீலத்தின் பங்கு 7.2. சிவப்பு உச்சத்தை முட்டி வெட்டுப்பட்டாலும் கூட்டலில் அது ஐந்தில் ஒரு பங்குதான் என்பதால் வரைபடம் அமைதியாகவே இருக்கிறது. மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் இருந்தால் அதைத் திறந்து சிவப்பைப் பார்க்க வேண்டும்; இல்லையென்றால் நிறச்செறிவை இரண்டு படி இறக்கி வைக்க வேண்டும். தீமிதியில் தணல் ஆரஞ்சாக இல்லாமல் வெளிர் மஞ்சளாகப் பதிவாவதும் இதே கோளாறுதான்.

ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரத்தை, நொடிக்கு 25 ஃப்ரேம் (படம்) என்ற வேகத்துக்கு நொடியில் 50இல் ஒரு பங்காக வைப்பது வழக்கம். அசைவு இயல்பாகத் தெரிவதோடு, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டப விளக்குகளின் துடிப்பும் பெரும்பாலும் படத்தில் விழாது. ஆனால் முழு வெயிலில் ஒளியுணர்வின் அளவான ஐஎஸ்ஓவை 100இல் வைத்தாலும் இந்த ஷட்டருக்கு லென்ஸின் துளையான அபர்ச்சரை எஃப் 22 வரை (எண் கூடினால் துளை சிறிது) மூட வேண்டியிருக்கும். அவ்வளவு சிறிய துளையில் ஒளி விளிம்பில் சிதறி, படம் முழுவதும் மென்மையாகி, உணரியில் ஒட்டிய தூசியெல்லாம் வானத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். எஃப் 4 வேண்டுமானால் 5 ஸ்டாப் குறைக்க வேண்டும். அதற்கு லென்ஸின் முன்னால் ஒளியைக் குறைக்கும் கண்ணாடி, அதாவது என்டி 32 ஃபில்டர், போடுவதே வழி. லாக் பதிவுமுறை ஐஎஸ்ஓ 800இல்தான் தொடங்கும் கேமராவாக இருந்தால் மேலும் 3 ஸ்டாப் வேண்டும், அப்போது என்டி 256. கடலோரத்தில் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: உப்புக்காற்று லென்ஸில் படிந்த மெல்லிய படலம் எந்த அமைப்பாலும் தீராத மங்கலைக் கொடுக்கும். கான்ட்ராஸ்ட் போதவில்லை என்று மெனுவைத் திறக்கும் முன் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள்.

டைம்லாப்ஸுக்கு வருவோம். இதற்கு இந்தத் தீவு தரும் மிகச் சிறந்த காட்சி போர்ட் லூயிஸுக்குப் பின்னால் நிற்கும் மலைத்தொடர். தென்கிழக்கிலிருந்து வீசும் வாணிபக் காற்று மலைமேல் ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. லெ பூஸ், பீட்டர் போத் சிகரங்களைத் தாண்டி நகரத்தின் பக்கம் இறங்கும்போது வெப்பமடைந்து கரைந்துவிடுகிறது. வெறும் கண்ணால் பார்த்தால் சிகரத்தில் ஒரு மேகம் சும்மா உட்கார்ந்திருக்கிறது; நேரத்தைச் சுருக்கிப் பார்த்தால் ஓர் அருவியைப்போல் விளிம்பில் வழிந்துகொண்டே வழியில் மறைகிறது. காலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இருப்பதால் நகரத்திலிருந்து பார்க்கையில் மலை வெறும் நிழலாகத் தெரியும். பிற்பகலில் வெயில் நேராக மலைமுகத்தில் விழும்போது எடுப்பதே நல்லது.

கணக்கு எளிது. திரையில் நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 10 நொடிக் காட்சிக்கு 250 படங்கள். நான்கு நொடிக்கு ஒரு படம் எடுத்தால் அதற்கு 16 நிமிடம் 40 நொடி ஆகும். சிகரத்தில் வழியும் மேகத்துக்கு இரண்டு முதல் நான்கு நொடி, தொலைவில் மெதுவாக நகரும் மேகத்துக்குப் பத்து நொடி வரை போகலாம். சென்னையிலோ ஐரோப்பாவிலோ இருந்து கற்றுத்தருபவர்கள் சூரியன் தெற்கே சாய்ந்து செல்லும் என்று கொண்டு, வடக்கு நோக்கிக் கேமராவை வைக்கச் சொல்வார்கள். இங்கே ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகல் சூரியன் வடவானில் இருக்கிறது. நவம்பர் பிற்பகுதிக்கும் ஜனவரி பிற்பகுதிக்கும் இடையில் மட்டுமே சற்றுத் தெற்கே தாண்டுகிறது. நாள் முழுவதும் எடுப்பதானால் தெற்கு நோக்கி வைத்தால்தான் சூரியன் சட்டகத்துக்குள் வராது.

சாதாரண வீடியோவாகவே ஒரு மணி நேரம் எடுத்துவிட்டுப் பிறகு வேகப்படுத்தினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம். ஆனால் நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் இடத்தைப் பிடிக்கும். அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு ஃப்ரேமும் 50இல் ஒரு நொடிதான் திறந்திருந்தது என்பதால், வேகப்படுத்தும்போது மேகமும் மனிதரும் வெட்டி வெட்டி நகர்வார்கள். இடைவெளிப் பதிவிலோ ஒவ்வொரு படத்தையும் அரை நொடி, ஒரு நொடி திறந்து வைக்கலாம். அந்த மங்கல் ஒரு படத்தை அடுத்ததோடு இணைத்து ஓட்டத்தை வழுவழுப்பாக்குகிறது. இடைவெளியில் பாதி நேரம் ஷட்டர் திறந்திருப்பது நல்ல அளவு. அதற்கும் பகலில் என்டி ஃபில்டர் தேவைப்படும்.

இப்போது அந்தத் துடிப்பு. ஒரு துண்டு மேகம் சூரியனை மறைத்தால் ஒளிமானி அடுத்த படத்தை வெளிச்சமாக்குகிறது. மேகம் விலகினால் மீண்டும் இருட்டாக்குகிறது. இயற்கையில் நிழல் கடந்துபோவது அழகு. கேமரா அதை ஈடுகட்ட முயல்வதால்தான் துடிப்பு. ஒளி அளவு, ஐஎஸ்ஓ, ஷட்டர், எதை வெள்ளை என்று கொள்வது என்ற ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் எல்லாவற்றையும் கைமுறைக்கு மாற்றி, ஒயிட் பேலன்ஸைப் பகலுக்கு 5,600 கெல்வினில் நிறுத்திவிட வேண்டும். இவ்வளவும் செய்தபின்னும் துடிக்கிறது என்றால் இரண்டு இடங்களில் தேட வேண்டும். ஒன்று, நிழலைத் தானாகத் தூக்கி வெளிச்சத்தைத் தானாக அடக்கும் வசதி. அது ஒளி அளவுப் பட்டியலில் இருக்காது. படத்தோற்றப் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும், மெனுவைப் பிரெஞ்சில் வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் அதைக் கண்டதே இல்லை. மற்றொன்று லென்ஸின் அபர்ச்சர். ஒவ்வொரு படத்துக்கும் இதழ்கள் மூடித் திறக்கும்போது இம்மியளவு வேறுபட்டு நிற்கின்றன. ஒரு படத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்த வேறுபாடு தொடராக ஓடும்போது நடுக்கமாகத் தெரிகிறது. அபர்ச்சரை முழுவதும் திறந்து வைத்தால் இதழ்கள் அசைவதே இல்லை. கையால் வளையத்தைத் திருப்பும் பழைய லென்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் போலரைசர் ஃபில்டரை நீண்ட டைம்லாப்ஸில் தவிர்த்துவிடுங்கள். சூரியனுக்கு 90 பாகையில் இருக்கும் வானத்தையே அது அதிகம் கறுக்கச் செய்வதால், சூரியன் நகர நகர வானத்தில் ஒரு கரும்பட்டை நகர்ந்துகொண்டே போகும்.

பகல் இரவாகும் காட்சியில் மட்டும் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும் விதி செல்லாது. போர்ட் லூயிஸ் சித்தாடெல் கோட்டையிலிருந்து துறைமுகத்தைப் பார்த்து எடுத்தால், சூரியன் மறைவதற்கு முன்னிருந்து விளக்குகள் மட்டும் எரியும் நேரம் வரை ஒளி பத்து ஸ்டாப்புக்கு மேல் இறங்குகிறது. நம் அட்சரேகையில் அந்தி நீள்வதில்லை. சூரியன் மறைந்து இருபது இருபத்தைந்து நிமிடங்களுக்குள் பெரும்பகுதி ஒளி போய்விடுகிறது. ஷட்டரை மூன்றில் ஒரு ஸ்டாப்பாக, நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கை ஒட்டிக் கையால் மாற்றிக்கொண்டே போய், மாற்றிய இடங்களில் தெரியும் படிகளைத் தொகுக்கும்போது சமன்செய்யலாம். பொறுமை வேண்டும், முக்காலியைத் தட்டிவிடாத கையும் வேண்டும்.

இரவு வானத்துக்குத் தெற்குக் கரையில், சூயாக்குக்கு அருகே உள்ள கிரி கிரி பாறைகள் ஏற்ற இடம். எதிரே இருண்ட கடல் மட்டுமே. அதன் மேல் 20 பாகை உயரத்தில் தென்துருவப் புள்ளி. அதைச் சுட்டிக்காட்டப் பிரகாசமான விண்மீன் எதுவும் இல்லாவிட்டாலும், திரிசங்கு என்று நாம் அழைக்கும் தென்சிலுவை மணிக்கு 15 பாகை வீதம் அதைச் சுற்றிவருவது டைம்லாப்ஸில் கடிகார முள்போல் தெரியும். 20 மில்லிமீட்டர் லென்ஸில் 25 நொடிக்குள் ஷட்டரை மூடிவிட்டால் விண்மீன்கள் கோடாக இழுபடாமல் புள்ளியாக நிற்கும். அங்கே வீசும் காற்றுக்கு முக்காலியின் நடுக்கம்பியில் கல் கட்டிய பையைத் தொங்கவிட வேண்டும். பை ஊசலாடாமல் அதன் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பின் லென்ஸில் ஈரம் படியத் தொடங்கும். அது திரையில் தெரியாது. மறுநாள் கணினியில் பார்க்கும்போது முந்நூறாவது படத்திலிருந்து விண்மீன்கள் ஒவ்வொன்றாகப் பஞ்சாக மாறியிருக்கும். ஆகவே அரை மணிக்கு ஒருமுறை சிறு விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் கண்ணாடியைப் பார்த்து, ஈரம் தெரிந்தால் இரண்டு படங்களுக்கு இடையிலுள்ள அந்தச் சில நொடிக்குள் உலர்ந்த பருத்தித் துணியால் ஒரே ஒற்றில் எடுத்துவிட வேண்டும்.